பனியா, ஆறா, சரிவா: ஹர்சில் முதல் தபோவனம் வரை ஏழு நாள்

நாள் 1: உத்தரகாசி – ஹர்சில்

உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கங்னானி வெந்நீர் ஊற்றைத் தாண்டும்வரை பாகீரதி ஒரு இடுக்கில்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், அடியில் நுரை. சுக்கி கிராமத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மறுபக்கம் ஜாலாவில் இறங்கும்போது காட்சி சட்டென்று மாறிவிடும். இதே ஆறு இங்கே அகன்ற தட்டையான தரையில் நாலைந்து கிளைகளாகப் பிரிந்து, கூழாங்கல் திட்டுகளுக்கு நடுவே சோம்பலாகப் போகிறது.

இதைப் பார்த்ததும், பனியாறு செதுக்குவதாகப் பள்ளிப் புத்தகம் சொல்லும் யூ வடிவப் பள்ளத்தாக்கு நினைவுக்கு வரும். பாதிதான் சரி. பனியாறு இதுவரை வந்தது உண்மை. இந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட மிகப் பழைய பனியாற்றுக் கட்டத்துக்குப் பாகீரதிக் கட்டம் என்று பெயர். ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அந்தக் கட்டத்தில், இன்று கோமுக்கில் முடிகிற கங்கோத்ரிப் பனியாறு அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கீழே, ஜாலா வரை நீண்டிருந்தது. ஆனால் கண்ணில் படும் தட்டையான தரை பனி செதுக்கியது அல்ல. பனி பின்வாங்கியதும் சுவர்களில் பிடிப்பில்லாமல் நின்ற கல்லும் மண்ணும் சரிந்து, ஓடைகள் வழியே இறங்கி, அடியில் நிரம்பிப் போயின. பாறைத் தரை அந்த நிரப்புக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. அகலம் பனியின் வேலை, தட்டை நீரின் வேலை.

இந்த வழியில் நடக்கப்போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கல்லை இங்கே கொண்டுவந்து போட்டது பனியா, ஆறா, அல்லது வெறும் சரிவா? மேலே போகப்போக இதற்குப் பதில் சொல்வது எளிதாகும் என்று தோன்றும். உண்மையில் சிரமமாகும். வழிகாட்டிகள் ‘மொரைன்’ (பனியாறு சுமந்துவந்து கொட்டிய கற்கரை) என்று காட்டுபவற்றில் கணிசமான பகுதி மொரைனே அல்ல.

முதல் பாடம் ஹர்சிலுக்கு அடுத்த தராலியிலேயே இருக்கிறது. ஆற்றின் எதிர்க்கரையில் நின்று பாருங்கள். கீர் காட் ஓடையின் வாயில் கூர்முனை, அங்கிருந்து ஆற்றை நோக்கி விசிறிபோல் விரியும் சரிவு. (காட் என்றால் கர்வாலி மொழியில் ஓடை.) கூர்முனையும் அதற்கு மேலே ஒரு ஓடையும் இருந்தால் அது விசிறிப் படிவு, மொரைனுக்கு அப்படி ஒரு முனை இருக்காது. மலைக்காரர்கள் விசிறியின் மேல் ஊர் கட்டுவதற்குக் காரணம் இருக்கிறது: இங்கே மென்மையான சரிவும் பக்கத்திலேயே தண்ணீரும் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அந்தச் சரிவை உண்டாக்கியதே ஓடை மீண்டும் மீண்டும் இறக்கிய கற்குழம்பு என்பது மட்டும் மறந்துபோகும். 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் காட் வழியே இறங்கிய குழம்பு தராலிக் கடைவீதியைப் புதைத்தது. அங்கிருந்த பழைய கல்ப் கேதார் கோயிலும் உள்ளே போனது. அதற்கு முன்பே அந்தக் கோயில் தரைமட்டத்துக்குக் கீழே, படி இறங்கிப் பார்க்கும் நிலையில்தான் இருந்தது. ஓடை தன் பழைய கணக்கை அங்கே எழுதியே வைத்திருந்தது.

இரவு தங்க ஹர்சிலே நல்லது. உயரம் 2,600 மீட்டர்; நேராகக் கங்கோத்ரிக்கு ஏறுவதைவிட உடம்பு ஒத்துழைக்கும்.

நாள் 2: கங்கோத்ரி

பைரோன்காட்டியில் ஜாட் கங்கையின் மேல் பாலம். ஒரு நிமிடம் இறங்கி எட்டிப் பார்க்கலாம். கீழே தெரிகிற ஆழமான வெட்டு முழுக்க ஆறு அறுத்தது.

கங்கோத்ரி 3,100 மீட்டர். கோயில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூர்க்காத் தளபதி அமர் சிங் தாப்பா கட்டியது. கூட்டம் கோயிலில் இருக்கும்; நமக்கு வேண்டியது அதற்குக் கொஞ்சம் கீழே உள்ள சூரிய குண்டம். பாகீரதி இங்கே வெள்ளைக் கிரானைட்டைத் துளைத்துக்கொண்டு விழுகிறது. இந்தக் கிரானைட்டைப் பழகிக்கொள்ளுங்கள், அடுத்த ஐந்து நாளும் இதுதான் கூட வரும். குவார்ட்ஸ், பெல்ஸ்பார், பளபளக்கும் வெள்ளை அபிரகம், நடுவே பென்சில் முனைபோல் கறுப்பு டூர்மலின் படிகங்கள், அங்கங்கே கடுகளவு சிவப்பு கார்னெட். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். இமயமலைப் பாறைகளில் இது இளையது.

குண்டத்தின் சுவர்கள் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதைப் பார்த்து ‘பனியாறு தேய்த்தது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. கையை வைத்துப் பாருங்கள். வழவழப்பு வளைந்து வளைந்து போகிறது. குழிகள், குடைவுகள், கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்று சுழன்ற தடங்கள். இது மணல் கலந்த நீர் கடைந்த வேலை. பனி தேய்த்த பாறை இப்படி வளையாது. பனியின் அடியில் சிக்கிய கற்கள் ஒரே திசையில் இழுபடுவதால் பரப்பு நீளவாக்கில் சமமாகி, அதன்மேல் இணைகோடுகளாகக் கீறல் விழும். நீர் கிண்ணம் குடையும், பனி கோடு கிழிக்கும். அந்தக் கோடு இங்கே ஒன்றுகூட இல்லை. பனி போன பிறகு ஆறு அறுத்த இடுக்கு இது.

தெற்கிலிருந்து கேதார் கங்கை வந்து சேரும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு குறுகிய பிளவு வழியே படபடவென்று கீழே விழுகிறது. பெரிய பனியாறு தன் பள்ளத்தாக்கை ஆழமாகத் தோண்டிவிடும். பக்கத்துச் சின்னப் பனியாற்றால் அந்த வேகத்துக்குத் தோண்ட முடியாது. பனி போனதும் சின்னப் பள்ளத்தாக்கின் வாய் உயரத்தில் தொங்கி நிற்கும். அதுதான் தொங்கும் பள்ளத்தாக்கு. அதன் விளிம்பை ஓடை பிறகு அறுத்துக்கொண்டு கீழே வரும்.

மதியம் அனுமதிச் சீட்டு வேலை. கங்கோத்ரி தேசியப் பூங்கா 1989-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2,390 சதுர கிலோமீட்டர். கோமுக் பக்கம் நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. புகைப்பட அடையாள அட்டையின் நகல் கையில் இருக்கட்டும். தபோவனத்துக்குத் தனி அனுமதியும் பதிவு பெற்ற வழிகாட்டியும் வேண்டும். அதைக் கடைசி நாளில் கேட்டால் நடக்காது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பூங்காவிலிருந்து கல் எடுத்துச்செல்லக் கூடாது, தோண்டக் கூடாது, விறகு எரிக்கக் கூடாது. அதனால் சுத்தியல் எதற்கும் உதவாது, விட்டுவிட்டு வாருங்கள். ஓடை அறுத்த இயற்கை வெட்டுகளே வேண்டிய அளவு இருக்கின்றன. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், 3 மீட்டர் அளவுநாடா, தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில், நல்ல டார்ச், குறிப்பேடு, பென்சில் போதும். குளிரில் பேனா மை நின்றுவிடும்.

இரண்டாவது இரவையும் கங்கோத்ரியிலேயே கழிப்பது நல்லது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. அடுத்த தங்குமிடமான போஜ்பாசாவோ 700 மீட்டர் மேலே. அதை ஈடு செய்ய இங்கே ஒரு இரவு கூடுதல்.

நாள் 4: கங்கோத்ரி – போஜ்பாசா, 14 கிலோமீட்டர்

(நேற்று ஓய்வு. எழுத ஒன்றுமில்லை.)

காலை 6 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். அதற்குக் காரணம் வழியில் இருக்கிறது. 2 கிலோமீட்டரில் கங்கூ சோதனைச்சாவடி. பையிலுள்ள பிளாஸ்டிக்கை எண்ணி எழுதி வைப்புத்தொகை வாங்குவார்கள். திரும்பும்போது எண்ணிக்கை சரியாக இருந்தால் பணம் வரும். பிஸ்கட்டுகளை வீட்டிலேயே துணிப்பையில் கொட்டிக்கொண்டு வந்தால் வரிசையில் நேரம் மிச்சம்.

9-ஆவது கிலோமீட்டரில் சிர்பாசா, 3,600 மீட்டர். ‘சிர்’ என்றால் பைன் என்று அர்த்தம் சொன்னாலும், தாழ்ந்த மலைகளில் வளரும் சிர் பைன் இந்த உயரத்துக்கு ஏறாது. இங்கே நிற்பது நீலப் பைன். இதற்கு மேல் மரங்கள் மெலிந்து பூர்ஜ மரத்துக்கு வந்துவிடும். போஜ்பாசாவின் ‘போஜ்’ அந்த மரம்தான், பட்டை தாள்தாளாக உரியும்.

சிர்பாசாவிலிருந்து பாகீரதிச் சிகரங்கள் நேர் எதிரே தெரியும். பாகீரதி 3-இன் உயரம் 6,454 மீட்டர். வெளிர் கிரானைட் சுவருக்கு மேலே கறுப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். அந்தக் கறுப்பு, கிரானைட் உருகி உள்ளே ஏறியபோது கூரையாக இருந்த பழைய படிவுப் பாறை. வண்ண வேறுபாட்டை நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். போஜ்பாசாவில் கல் எண்ணும்போது இது கை கொடுக்கும்.

சிர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் இடையில் கீலா பகாட், அதாவது ஈரமலை. பாதை இங்கே தளர்வான கற்சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரவில் உறையும் ஈரம் கற்களைச் சிமென்ட்போல் பிடித்துவைக்கும். வெயில் ஏறியதும் பிடி விடும். பிற்பகலில் காற்றும் சேர்ந்தால் மேலிருந்து கல் உருளத் தொடங்கும். முற்பகல் 11 மணிக்குள் இந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். கூட்டமாக நடக்காமல் ஆளுக்கு ஆள் 10 மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் நிற்காமல், படம் எடுக்காமல் போக வேண்டும். காதில் பாட்டு போட்டுக்கொண்டு நடப்பது இந்தப் பாதையில் மிக மோசமான பழக்கம். கல் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

ஓடைகளின் மேல் மரக்கட்டைப் பாலங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி அடித்துக்கொண்டு போகும், அன்று பாதையை மூடிவிடுவார்கள். பனி உருகும் ஓடையில் தண்ணீர் விடியற்காலையில் குறைவு, மாலையில் உச்சம். காலையில் கணுக்காலளவு இருந்தது திரும்பும்போது முழங்காலுக்கு மேல் போயிருக்கும்.

நிலவடிவம் பார்க்க வருகிறவர்களுக்கு மே, ஜூன் சரிப்படாது. மிச்சப் பனி முகடுகளை மூடியிருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வானம் தெளிவு, தண்ணீரும் குறைவு.

நாள் 5: போஜ்பாசாவில் ஒரு நாள்

3,800 மீட்டர். இன்று ஏற்றம் இல்லை. தலைவலி போகாதவர்கள் இன்னொரு நாளும் இங்கேயே இருக்க வேண்டும், அல்லது இறங்கிவிட வேண்டும். படுத்தால் மூச்சு வாங்குகிறது, நிற்காத இருமல் என்றால் யோசிக்கவே கூடாது, உடனே இறக்கம்.

பள்ளத்தாக்கு இங்கே விரிகிறது. பாதையோரமும் அக்கரையிலும் கூர்மையான முகடுள்ள கற்கரைகள் நீளவாக்கில் போகின்றன. கடைசியாகப் பனியாறு முன்னேறிய கட்டத்துக்குப் போஜ்பாஸ் கட்டம் என்று இந்த இடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: 200 முதல் 300 ஆண்டுகளுக்கு முன். உலகின் பல மலைகளிலும் பனியாறுகள் பெருத்திருந்த குளிர்ந்த காலகட்டம் அது. அந்தக் கரைகளின் முகடு இன்னும் மழுங்கவில்லை, புல் சரியாகப் பிடிக்கவில்லை, கற்களில் பாசிப்பூஞ்சை குறைவு. பழைய கரைகளுக்குப் போனால் முகடு உருண்டிருக்கும், மண் சேர்ந்திருக்கும், பாறை முகத்தில் வரைபடம்போல் மஞ்சள்பச்சை வட்டங்கள் பெரிதாகப் படர்ந்திருக்கும். அந்தப் பூஞ்சை மிக மெல்ல வளர்வதால் பெரிய வட்டம் பழைய பரப்பைக் காட்டும். ஒரு பாறையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நேற்று புரண்ட பாறையின் பழைய முகம் மேலே வந்திருக்கலாம்.

இனி கல் எண்ணும் வேலை. ஓடை அறுத்த ஒரு வெட்டுமுகத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே தொங்கும் பாறை இருந்தால் அந்த வெட்டு வேண்டாம். ஒரு மீட்டர் சதுரத்தில், 6 முதல் 20 செ.மீ. வரையுள்ள கற்களில் 50-ஐக் கண்ணுக்குப் பட்ட வரிசையில் பாருங்கள். அழகான கல்லைப் பொறுக்கினால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்பு: விளிம்பு கூரா, மழுங்கலா, உருண்டையா, பாறை வெள்ளைக் கிரானைட்டா, கறுப்புப் படிவா, நீளத்தோடு ஒப்பிட்டால் தடிமன் எவ்வளவு. நீளத்தில் 40 விழுக்காட்டுக்கும் குறைவான தடிமன் என்றால் அது பலகைக் கல். கல்லை எடுத்த குழியிலேயே திருப்பி வையுங்கள்.

ஆறு போட்டது என்றால் உருண்டைகள் அதிகம், அளவுவாரியாகப் பிரிந்த அடுக்குகள் தெரியும், தட்டைக் கற்கள் ஓட்டுவீட்டு ஓடுகள்போல் ஒன்றின்மேல் ஒன்று மேல்நீரோட்டத் திசைக்குச் சரிந்து படுத்திருக்கும். வெறும் சரிவு என்றால் ஏறத்தாழ எல்லாமே கூர்விளிம்பு, பலகைக் கற்கள் நிறைய, ஒரே சுவரிலிருந்து வந்த ஒரே வகைப் பாறை, பெரிய கற்கள் கூம்பின் காலடியில். பனியாற்றின் அடியில் அரைபட்டுவந்த கல் இரண்டிலும் சேராது. விளிம்பு மழுங்கி, ஒன்றிரண்டு முகம் மட்டும் தேய்த்த இஸ்திரிப் பெட்டிபோல் தட்டையாக இருக்கும். அதைச் சுற்றிலும் பாறாங்கல்லிலிருந்து மாவுவரை எல்லா அளவும் அடுக்கில்லாமல் கலந்து கெட்டித்திருக்கும். இந்தக் கலவைக்குப் பெயர் டில்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இமயப் பனியாறுகள் சுமக்கும் கல்லில் பெரும்பங்கு அடியில் அரைபடுவதே இல்லை. இரு பக்கச் சுவர்களிலிருந்து பனியின் முதுகில் விழுந்து, அப்படியே சவாரி செய்து, ஓரத்தில் கொட்டப்படுகிறது. அதனால் அசல் மொரைனிலும் கூர்விளிம்புக் கற்களே நிறைந்திருக்கும். வடிவத்தை மட்டும் வைத்துச் சொன்னால் அது நிலச்சரிவு என்றுதான் பதில் வரும். இமயமலையில் பெரிய நிலச்சரிவுகளை மொரைன் என்று எழுதிவைத்து, பிறகு திருத்த வேண்டிவந்த இடங்கள் பல. இங்கேதான் பாறை வகை உதவுகிறது. கரைக்கு நேர் மேலேயுள்ள சுவரில் இல்லாத பாறை கரையில் இருந்தால், அது மேல்பள்ளத்தாக்கிலிருந்து பயணம் செய்து வந்திருக்கிறது. 50 கல்லில் அப்படிப் பத்து இருந்தாலே நிலச்சரிவு வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

கீறல் தேடுகிறவர்கள் கிரானைட்டில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் மணிகள் உதிர்ந்து கீறல் சீக்கிரம் அழிந்துவிடும். மென்மணியுள்ள கறுப்புக் கல்லில் தேடுங்கள். பரப்பை நனைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிக் கிடைவாக்கில் பிடித்தால் கோடுகள் எழுந்து நிற்கும். பனிக்கீறல் மெலிதாகத் தொடங்கி, ஆழ்ந்து, முடியும். பல கோடுகள் இணையாகப் போகும், சில குறுக்கே வெட்டும். பிளவுத் தளத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உராய்ந்த கோடு என்றால் அதன்மேல் கனிமப் பூச்சு பளபளக்கும். பாதையோரக் கல்லில் வெள்ளையாக, தாறுமாறாக இருந்தால் அது கோவேறு கழுதை லாடம். இந்த மூன்றாவது வகையைப் படம் பிடித்துப் பனிக்கீறல் என்று போடுவதை நிறையப் பார்க்கலாம்.

சாயங்காலம் தண்ணீர். ஆற்றுநீர் சாம்பல் கலந்த பால் நிறம். பனிக்கு அடியில் பாறை அரைபட்ட மாவு அது. குடிக்கும் வடிகட்டியில் நேராக ஊற்றினால் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். மணல் நொடிகளில் தங்கிவிடும். நூறில் ஒரு மி.மீ. வண்டல் 10 செ.மீ. இறங்க அரைமணிக்கு மேல். களிமண் அளவுத் துகளுக்கு இந்தக் குளிர்நீரில் அரைநாள் தாண்டும். இரவு முழுக்க ஆடாமல் வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து, பிறகு வடிகட்டுங்கள் அல்லது கொதிக்கவையுங்கள். இங்கே தண்ணீர் 87 டிகிரி செல்சியஸ் பக்கமே கொதித்துவிடும். கிருமி போக அது போதும். பருப்பு வேகத்தான் போதாது.

நாள் 6: கோமுக், போய்வர 8 கிலோமீட்டர்

ஜே.பி. ஆடன் என்ற இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அலுவலர் 1935-இல் பனியாற்றின் முனையை அளந்து வரைபடமாக்கினார். (டபிள்யூ.எச். ஆடன் என்ற ஆங்கிலக் கவிஞரின் அண்ணன்.) அன்றிலிருந்து இன்றுவரை அந்த முனை சராசரியாக ஆண்டுக்கு 20 மீட்டர் அளவில் பின்வாங்கியிருக்கிறது. பத்தாண்டுக்குப் பத்தாண்டு வேகம் மாறும், அளக்கும் முறையைப் பொறுத்தும் எண் மாறும். ஆனாலும் நடக்கும்போது கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்: சுமார் 28 காலடிக்கு ஓர் ஆண்டு. கடைசி அரைமணிக்கும் மேலான நடை முழுக்க 1935-இல் பனிக்கு அடியில் இருந்த நிலத்தின்மேல்தான். வரைபடச் செயலிகளில் பழைய படத்தை நம்பி நடந்தால் முனை இருக்கும் இடம் தப்பாகத் தெரியும்.

‘பின்வாங்குகிறது’ என்ற சொல் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. பனி பின்னால் போவதில்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமும், 7,138 மீட்டர் சவுகம்பாவின் அடியில் தொடக்கமுமாக, எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்து சேர்வதைவிட உருகுவது அதிகமாக இருப்பதால் முனை மேலேறுகிறது. கடையில் சரக்கு தினமும் வருகிறது, விற்பனை அதைவிட வேகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கோமுக்கில் பளிங்குக் குகையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அழுக்கு நீலப் பனிச்சுவர், மேலே கல்மூட்டை. சுவர் உருக உருக மேலுள்ள கல் தளர்ந்து விழுகிறது, பனிக்கட்டியும் வீடளவில் உடைகிறது. அரை கிலோமீட்டர் முன்பே நின்றுவிடுங்கள். வாயருகே போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டியதில்லை, அதே தண்ணீர்தான் கீழே ஓடுகிறது. ஒரு பாட்டிலில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

முனைக்கு முன்னாலுள்ள கற்பரப்பைப் பார்த்ததும் ‘முனை மொரைன்’ என்று சொல்லத் தோன்றும். 2017 ஜூலையில் கனமழைக்குப் பிறகு மேரு பனியாற்றின் ஓடை பெரும் கற்குவியலை இறக்கி, கோமுக்கின் முன்னால் கொட்டியது. பாகீரதியே பக்கவாட்டில் ஒதுங்க வேண்டிவந்தது. ஆகவே இங்கேயும் தராலிக் கேள்விதான்: கூர்முனை இருக்கிறதா, அதற்கு மேல் ஓடை இருக்கிறதா? தென்பக்கம் திரும்பினால் இருக்கிறது. பனியின் வாசலிலேயே பனி போடாத கல்.

நாள் 7: தபோவனம்

முன்பு கோமுக்கின் மேல் ஏறிப் பனியாற்றைக் குறுக்கே கடந்து போவார்கள். முனை உடைந்து உடைந்து அந்த வழி ஆபத்தாகிவிட்டதால், இப்போது போஜ்பாசாவில் கம்பியில் ஓடும் கைவண்டியில் ஆற்றைக் கடந்து இடக்கரை வழியாக ஏறுகிறார்கள். கயிறு இழுக்கும்போது விரலைக் கம்பிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பையைத் தனியாக அனுப்புவது நல்லது. அதிகாலையிலேயே கிளம்பினால்தான் ஆகாஷ் கங்கா ஓடையைத் தண்ணீர் ஏறும் முன் கடக்கலாம். கடைசி ஏற்றம் செங்குத்து, முழுக்கத் தளர்ந்த கல். ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் ஏறினால் முன்னால் போகிறவர் தள்ளிவிடும் கல் பின்னால் வருகிறவர் தலைக்கு; குறுக்காகப் பிரிந்து ஏறுங்கள்.

மேலே 4,460 மீட்டர். திடீரென்று புல்வெளி, நடுவே நெளிந்தோடும் தெளிந்த ஓடை. இப்படி ஒரு சமதளம் இவ்வளவு உயரத்தில் எப்படி வந்தது? பனியாறு பெருத்திருந்தபோது தன் ஓரத்தில் கட்டிய பக்க மொரைன் ஓர் அணைபோல் நிற்கிறது. அந்த அணைக்கும் சிவலிங் மலைச்சரிவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் மண்ணும் மணலும் ஒதுங்கிப் புல் முளைத்த இடம் தபோவனம்.

அணையின் முகட்டுக்குப் போய் எட்டிப் பாருங்கள். விளிம்பில் அல்ல, ஓரிரண்டு மீட்டர் பின்னால் நின்று. உள்முகம் தினமும் சரிந்துகொண்டிருக்கிறது, விளிம்புக்கு இணையாக விரிசல் தெரிந்தால் இன்னும் பின்னால் போய்விடுங்கள். பனியாற்றின் முதுகு வெகு ஆழத்தில் கிடக்கிறது. ஒரு காலத்தில் அது இந்த முகடு வரை நிறைந்திருந்தால்தான் இந்தக் கரையே உண்டாகியிருக்க முடியும். கோமுக்கில் நீளம் குறைந்ததை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தடிமன் குறைந்தது இங்கேதான் தெரிகிறது, இழப்பில் பெரிய பங்கும் இதுதான்.

கீழே தெரிகிற பரப்பு பனி என்றே நம்ப முடியாது, கல்குவாரிபோல் இருக்கும். கல்போர்வை சில செ.மீ.க்குள் மெலிதாக இருந்தால் வெயிலை உறிஞ்சிப் பனியைச் சீக்கிரம் உருக்கும். அதைவிடத் தடித்தால் போர்வையாகிப் பாதுகாக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நடப்பதால்தான் பரப்பு மேடும் பள்ளமுமாக, குட்டைகளும் கறுத்த பனிச்சுவர்களுமாகக் கிடக்கிறது. எதிர்ப்புறம் நந்தனவனம் என்ற புல்வெளி, அதை ஒட்டிச் சதுரங்கிப் பனியாறு, அதற்கு வடக்கே ரக்தவர்ண் பனியாறு. இந்த இரண்டு கிளைகளும் இப்போது தாய்ப்பனியாற்றைத் தொடாமல் முன்பே முடிந்துவிடுகின்றன. ரக்தவர்ண் என்றால் சிவந்த நிறம், சதுரங்கி என்றால் நான்கு நிறம். இந்தப் பமக்குகளுக்குப் (இங்கே பனியாற்றைச் சொல்லும் சொல்) பெயர் வைத்தவர்கள் அவை சுமந்துவரும் கல்லின் நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். போஜ்பாசாவில் 50 கல்லைப் பிரித்த வேலையை ஒரே சொல்லில் செய்துவிட்டார்கள்.

முகடுகளைப் படமெடுக்க காலை 9 மணிக்கு முன், அல்லது பிற்பகல் 3 மணிக்குப் பின். உச்சிவெயிலில் மொரைன் வரிகள் தட்டையாகிக் காணாமல் போகும். அளவு தெரிய ஒரு கைத்தடியைச் சட்டகத்தில் வையுங்கள். இங்கே மரமோ வீடோ இல்லாததால் பாறை பேருந்தளவா, கைப்பந்தளவா என்று பிறகு படத்தில் கண்டுபிடிக்க முடியாது.

இறக்கத்தில் ஆகாஷ் கங்கா காலையைவிடப் பெருத்திருக்கும். பிற்பகல் தாண்டிவிட்டால் இரவு மேலேயே தங்கி மறுநாள் விடியலில் இறங்குவதுதான் சரி. அதற்கான அனுமதியையும் முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். கங்கூவில் பிளாஸ்டிக்கை எண்ணிக் காட்டும்போது அந்தக் கோமுக் பாட்டிலும் கணக்கில் வரும். அதற்குள் மேல்நீர் தெளிந்திருக்கும். அடியில் காகிதத் தடிமனில் சாம்பல்நிறப் படலம். ஆட்டினால் மறுபடி பால்.